ஊசிமுனை முதல் எண் வரை: எச்.ஐ.வி. வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முறைகள்

1986 பிப்ரவரியில் ஓரிரவு, சென்னையிலிருந்து காட்பாடிக்குச் சென்ற ரயிலில் ஓர் ஐஸ் பெட்டி போனது. உள்ளே இருந்தவை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் மாதிரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சேகரித்தவை அவை. அவற்றைப் பரிசோதிக்கும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே எலைசா பரிசோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்ற செய்தி அப்படித்தான் வெளிப்பட்டது.

அந்தப் பயணத்தைச் சீரம் தாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வேலூரில் தேடியது எதிர்ப்பொருளை, அதாவது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதத்தை. அது உறுதியானது, குளிரில் வைத்திருந்தால் ஓரிரவுப் பயணத்தில் கெட்டுவிடாது. இன்று எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் எடுக்கப்படும் வைரல் லோடு மாதிரியில் தேடப்படுவதோ வைரஸின் ஆர்.என்.ஏ. ரத்தத்திலும் நம் தோலிலும் மேசை விளிம்பிலும் இருக்கும் நொதிகளே அதைத் துண்டாடிவிடும். எதிர்ப்பொருளுக்குப் போதுமான கவனம் ஆர்.என்.ஏ.வுக்குப் போதாது.

முடிவுத் தாளில் அச்சாகும் எண்ணைப் பற்றி மருத்துவரும் பேசுகிறார், நோயாளியும் கவலைப்படுகிறார். அந்த எண்ணுக்கான ரத்தம் எங்கே எடுக்கப்பட்டது, எதில் பிடிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் எண்ணின் பொருள் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. பரிசோதனை யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்பதும் இவற்றைப் பொறுத்ததே.

எண்ணப்படுவது எது?

ஒவ்வொரு எச்.ஐ.வி. துகளுக்குள்ளும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் உள்ளன. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் இத்தகைய இழைகள், அதாவது பிரதிகள், எத்தனை என்று பி.சி.ஆர். போன்ற பெருக்க முறைகளால் கணக்கிடுவதே வைரல் லோடு பரிசோதனை. சிகிச்சை பெறாதவரிடம் அது பல்லாயிரமாகவோ லட்சங்களாகவோ இருக்கும். மாத்திரைகள் ஒழுங்காக வேலை செய்தால் சில மாதங்களில் கருவியின் கண்ணுக்கே படாத அளவுக்குக் குறையும்.

1996இல் அமெரிக்காவின் ஜான் மெல்லர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதை வைரல் லோடு முன்கூட்டியே சொல்லும் என்று காட்டியது. 1980களின் நடுவில் எடுத்து உறையவைத்த பிளாஸ்மாவைப் பத்தாண்டு கழித்து எடுத்து அளந்ததால் கிடைத்த முடிவு அது. பெயர் தெரியாத யாரோ ஓர் ஆய்வக ஊழியர் அன்று மாதிரியைச் சரியாகப் பிரித்து உறையவைக்காமல் போயிருந்தால், அந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

2011இல் இன்னொரு பெரிய முடிவு வந்தது. எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு, ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1763 தம்பதியரிடம் 9 நாடுகளில் நடந்தது. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. சுனிதி சாலமன் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அந்த ஆய்வின் களங்களில் ஒன்று. அதன் பிறகு வைரல் லோடு என்பது நோயாளியின் உடல்நிலையை மட்டும் சொல்லும் எண்ணாக இல்லை. அவர் தம் துணையோடு அச்சமின்றி வாழலாமா என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

2013இல் உலக சுகாதார நிறுவனம் சிகிச்சையைக் கண்காணிக்க வைரல் லோடே முதன்மை வழி என்று பரிந்துரைத்தது. இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. சிகிச்சையிலுள்ள எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இலவச வைரல் லோடு பரிசோதனை என்ற திட்டம் 2018 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் பெரும்பாலும் சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையை வைத்தே சிகிச்சை கண்காணிக்கப்பட்டது. சிகிச்சை தோற்றால் முதலில் வைரஸ் பெருகும், சி.டி.4 அதன் பிறகு மெல்லத்தான் சரியும். சரிந்தது தெரியவரும்போது மருந்து எதிர்ப்பு வேரூன்றியிருக்கக்கூடும்.

ஊதா மூடிக் குழாய்

உலகெங்கும் முதல்தர மாதிரியாகக் கருதப்படுவது பிளாஸ்மா. கையில் ரப்பர் பட்டை கட்டி, முழங்கை மடிப்பிலுள்ள நரம்பில் ஊசி போட்டு, ஊதா மூடிக் குழாயில் நான்கைந்து மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. குழாயினுள் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கும். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து, உறையாமல் தடுக்கும். ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாயும் ரத்தத்தை உறையவிடாதுதான். ஆனால் ஹெப்பாரின் பி.சி.ஆர். வினையையே முடக்கும் என்பதால் வைரல் லோடுக்கு ஆகாது. அவசரத்தில் குழாய் மாறிவிட்டால், உலகின் மிக விலையுயர்ந்த கருவியாலும் அந்த மாதிரியைக் காப்பாற்ற முடியாது.

ரத்தம் எடுத்தவுடன் குழாயை மெதுவாக எட்டு, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். கவிழ்க்காமல் விட்டால் சிறு கட்டிகள் உருவாகும். ரத்தம் எடுத்ததிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கருவியையும் வெப்பநிலையையும் பொறுத்து 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் இளமஞ்சள் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிளாஸ்மா 2 முதல் 8 டிகிரி குளிரில் ஐந்து நாள் வரை தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் உறையவைக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? வெள்ளணுக்கள் நேரம் ஆக ஆகச் சிதையும். தொற்றுள்ள அணுக்களுக்குள் வைரஸின் மரபுப்பொருள் ஒளிந்திருக்கிறது. அணு சிதைந்தால் அது பிளாஸ்மாவில் கலந்து எண்ணைக் கூட்டும். இன்னொரு பக்கம், வெளியே இருக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்து எண்ணைக் குறைக்கும். தாமதமான குழாயில் இரு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கிடைக்கும் எண்ணில் எது எவ்வளவு என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிக்கும் வேலையை எளிதாக்க ஜெல் குழாய் வந்தது. அடியில் உள்ள ஜெல், சுழற்றும்போது அணுக்களுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே வந்து தடுப்பாக நிற்கும். ஆனால் பிளாஸ்மாவை மாற்றாமல் அதே குழாயோடு உறையவைத்தபோது, வைரஸ் அடக்கப்பட்ட நிலையில் இருந்த சிலருக்கும் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. தடுப்பைத் தாண்டி மேலே தங்கிவிட்ட சில அணுக்களும் தட்டணுக்களும் உறைதலில் உடைந்ததே காரணம். வசதிக்காகச் செய்த ஒரு சிறு மாற்றம் முடிவையே மாற்றியது.

பிளாஸ்மா முறைக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டால் அதன் எல்லை புரியும்: ஊசி போடப் பழகிய ஆள், மையவிலக்கி, தடைபடாத மின்சாரம், குளிர்பதனப் பெட்டி, நேரத்துக்கு வரும் வண்டி. மாவட்டத் தலைநகரில் இவை இருக்கும். மலைக் கிராமத்தில், தீவில், மழைக்காலத்தில் பாதை துண்டிக்கப்படும் ஊரில் என்ன செய்வது?

காகிதத்தில் உலரும் துளி

இந்தக் கேள்விக்கான பதில் எச்.ஐ.வி.க்கு முன்பே பிறந்தது. 1963இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் குத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த ரத்தத் துளியை வடிதாளில் உலர்த்தி, பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். தபாலில் அனுப்பக்கூடிய ரத்த மாதிரி, மக்கள் தொகை முழுவதையும் பரிசோதிக்கும் வழியைத் திறந்தது. அதே பருத்தி இழைத் தாள்தான் இன்று எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் உதவுகிறது.

இந்த முறையை அருகிலிருந்து பார்த்தால் அதன் எளிமையும் கண்டிப்பும் ஒருசேரத் தெரியும். அட்டையில் ஐந்து வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கையுறை போட்டவர், நோயாளி அதிகம் பயன்படுத்தாத கையின் நடுவிரலையோ மோதிர விரலையோ தேர்ந்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அது முழுதும் உலரும்வரை காத்திருப்பார். விரல் நுனியின் பக்கவாட்டில் லான்செட் என்ற குத்தூசியை அழுத்துவார். முதல் துளியில் திசுநீர் கலந்திருக்கும் என்பதால் அதை உலர்ந்த பஞ்சால் ஒற்றியெடுத்துவிடுவார். அடுத்த துளி தானாகத் திரண்டு தொங்கும்வரை பொறுமை வேண்டும். பால் கறப்பதுபோல விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் திசுநீர் சேர்ந்து ரத்தம் நீர்த்துப்போகும். துளி மட்டுமே தாளைத் தொட வேண்டும், விரல் தொடக் கூடாது. ஒரே துளியில் வட்டம் நிறைந்து, தாளின் பின்புறமும் சிவக்க வேண்டும். குறைந்துவிட்டதே என்று மேலே இன்னொரு துளி வைத்தால் அந்த வட்டம் வீண். நரம்பிலிருந்து எடுத்த இ.டி.டி.ஏ. ரத்தத்தையும் பிப்பெட்டால் அளந்து வட்டத்துக்கு 70 மைக்ரோலிட்டர் வைக்கலாம்.

பிறகு உலர்த்த வேண்டும். படுக்கைவாட்டில், வெயிலும் தூசியும் சூடான காற்றும் படாத இடத்தில், குறைந்தது நான்கு மணி நேரம். ஈரக் காற்றுள்ள ஊரில் இரவு முழுவதும். பளிச்சென்ற சிவப்பு கருஞ்சிவப்புப் பழுப்பாக மாறும். அட்டைகளுக்கு இடையே மெழுகுத்தாள் போன்ற வழவழப்பான தாள் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு காற்றுப்புகாத பையில் மூட வேண்டும். ஈரம் காட்டும் சிறு அட்டையும் பையில் போகும். அதன் நீலப் புள்ளி இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். பொட்டலங்களை மாற்ற வேண்டும். இத்தனையும் சரியாக நடந்தால் ஐஸ் பெட்டி இல்லாமல், சாதாரண உறையில், அட்டை ஊர் கடந்து போகும்.

நாற்பது பிரதிகளின் கணக்கு

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. அதை மறைக்காமல் கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்மை. ஒரு வட்டத்திலுள்ள 70 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா ஏறத்தாழ 40 மைக்ரோலிட்டர். ஒருவரது வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 1000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவை அப்படியே பரிசோதித்தால் கருவிக்கு 1000 பிரதிகள் கிடைக்கும். ஒரு வட்டத்தில் கிடைப்பது 40. வைரல் லோடு 50 என்றால் வட்டத்தில் இருப்பது வெறும் இரண்டு. தாளிலிருந்து ரத்தத்தைக் கரைத்து எடுக்கும்போது அந்த இரண்டும் தொலைந்துபோக வாய்ப்பு அதிகம். நல்ல பிளாஸ்மா பரிசோதனை 20 அல்லது 40 பிரதிகளைக்கூடக் காணும்; உலர்துளியை நம்பி 1000 என்ற எல்லைக்கு மேலா, கீழா என்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 5000 வெள்ளணு என்று கொண்டால், அந்த வட்டத்தில் மூன்றரை லட்சம் வெள்ளணுக்கள் உலர்ந்து கிடக்கின்றன. அவற்றில் மிகச் சிலவற்றில்தான் வைரஸின் டி.என்.ஏ. ஒளிந்திருக்கும். ஆனால் 40 என்ற சிறிய எண்ணுக்கு அருகில் அந்தச் சிலவும் பெரிதுதான். டி.என்.ஏ.வையும் சேர்த்துப் படிக்கும் கருவிகளில், பிளாஸ்மாவில் வைரஸ் அடங்கிய ஒருவர் உலர்துளியில் சிகிச்சை தோற்றவராகத் தெரியலாம். ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுக்கும் முறைகளிலும், அணுக்களைக் குலைக்காமல் வைரஸை மட்டும் கழுவியெடுக்கும் கரைசல்களிலும் இந்தக் குழப்பம் குறைகிறது. ஆகவே எந்தக் கருவி உலர்துளிக்கென்று சரிபார்க்கப்பட்டது என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு தவறான "உயர்வு" மனிதரை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டவரிடம், "ஒழுங்காகச் சாப்பிடறீங்களா?" என்று ஆலோசகர் கேட்பார். அவர் சொல்லும் உண்மையை எண் நம்பவிடாது. தேவையில்லாமல் அடுத்தகட்ட மருந்துக்கு மாற்றப்படவும் கூடும். எனவேதான் 1000க்கு மேல் வந்தால் ஆலோசனைக்குப் பின் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை என்ற நெறி முக்கியமாகிறது. காய்ச்சல் போன்ற வேறு நோய்களின்போதும் வைரல் லோடு தற்காலிகமாக ஏறலாம். ஒற்றை எண்ணை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது.

அணுக்களைத் தடுத்துப் பிளாஸ்மாவை மட்டும் உலர்த்தினால் என்ன என்ற சிந்தனையில் பிறந்தது பிளாஸ்மா பிரிப்பு அட்டை. 140 மைக்ரோலிட்டர் ரத்தத்தை மேலே வைத்தால், நடுவிலுள்ள மெல்லிய சவ்வு அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மா மட்டும் கீழ்த்தாளில் ஊறும். உலர்ந்ததும் மேலடுக்கை உரித்தெடுத்துவிடலாம். மையவிலக்கி வேண்டாம், டி.என்.ஏ. குழப்பமும் பெருமளவு தீர்கிறது. ஆனால் ஒரு விரல்குத்தில் அத்தனை ரத்தத்தை அளவாக எடுப்பதற்குப் பயிற்சி வேண்டும். அட்டையின் விலையும் சாதாரண வடிதாளைவிட அதிகம்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு இந்த விவாதத்துக்குத் தெளிவு தந்தது. அது மூன்று நிலைகளை வகுத்தது: 1000க்கு மேல் இருந்தால் அடக்கப்படாதது, கண்டறியப்பட்டாலும் 1000 வரை இருந்தால் அடக்கப்பட்டது, பயன்படுத்திய பரிசோதனையில் காணப்படாவிட்டால் கண்டறிய முடியாதது. கடைசி நிலையில் உள்ளவரிடமிருந்து பாலுறவு வழியே துணைவருக்குத் தொற்றும் அபாயம் இல்லை. நடுவிலுள்ள நிலையில் அது ஏறத்தாழ இல்லை அல்லது புறக்கணிக்கத்தக்கது. உலர்துளி நம்பகமாகப் பிரித்துக் காட்டும் 1000 என்ற கோடும், பொதுச் சுகாதாரம் அக்கறைப்படும் கோடும் ஒன்றாக அமைந்தன. துளியின் பலவீனம் மறையவில்லை. அது எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பது வரையறுக்கப்பட்டது.

குழந்தையின் குதிகால்

உலர்துளிக்கு மாற்றே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது கைக்குழந்தை. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கலாம். அதனால் எதிர்ப்பொருள் பரிசோதனை தாயைப் பற்றிச் சொல்லுமே தவிர, குழந்தையைப் பற்றிச் சொல்லாது. வைரஸின் மரபுப்பொருளையே தேட வேண்டும். ஆறு வாரக் குழந்தையின் மெல்லிய நரம்பில் ஊசி தேடுவது தாய்க்கும் செவிலியருக்கும் வேதனை. குதிகாலின் ஓரத்தில் ஒரு குத்துப் போதும். கொஞ்சம் வளர்ந்த பிறகு கால் கட்டைவிரலில், பிறகு கைவிரலில். இந்தியாவின் தேசியத் திட்டம் 2010 முதல் இம்முறையில் குழந்தைகளுக்கு ஆரம்பகாலப் பரிசோதனை செய்துவருகிறது.

போகும் வழி, திரும்பும் வழி

மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்வது பாதி வேலைதான். 2016 மார்ச்சில் மலாவி நாட்டில் யுனிசெஃப், ஒரு சுகாதார நிலையத்திலிருந்து தலைநகர் லிலாங்வேயிலுள்ள கமுசு மத்திய மருத்துவமனை ஆய்வகத்துக்கு 10 கிலோமீட்டர் தூரம் ட்ரோன் பறக்கவிட்டுச் சோதித்தது. குழந்தைகளின் உலர்துளி மாதிரிகளை அப்படிக் கொண்டுபோகலாமா என்று பார்ப்பதே நோக்கம். அப்போது அங்கே ஒரு மாதிரி ஆய்வகம் போய்ச் சேரச் சராசரியாக 11 நாள் ஆனது. முடிவு திரும்பி வர எட்டு வாரம் வரை ஆனது. இந்த இரு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ட்ரோன் சுருக்கக்கூடியது முதல் 11 நாளை மட்டுமே. எஞ்சிய வாரங்கள் ஆய்வக வரிசையிலும், காகிதக் கோப்பிலும், முடிவை எடுத்துச் செல்ல ஆள் இல்லாததிலும் கழிந்தவை.

வேறொரு வழி, ஆய்வகத்தையே நோயாளியின் அருகில் கொண்டுவருவது. காசநோய்ப் பரிசோதனையால் நமக்குப் பழகிய ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே வைரல் லோடு கேட்ரிட்ஜும் போடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 390 பேரிடம் நடந்த ஸ்ட்ரீம் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. அங்கேயே அப்போதே பரிசோதனை செய்து, பயிற்சி பெற்ற செவிலியரிடம் தொடர்கவனிப்பை ஒப்படைத்த பிரிவில், ஓராண்டுக்குப் பின் வைரஸ் அடங்கிச் சிகிச்சையிலும் தொடர்ந்தவர்கள் 90 சதவீதம். வழக்கமான முறையில் 76 சதவீதம். மருந்து மாறவில்லை, முடிவு கைக்கு வந்த நேரமும் கவனித்த விதமும் மாறின. ஆனாலும் அந்தக் கேட்ரிட்ஜுக்கு ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மா வேண்டும். கருவி கிராமத்துக்கு வந்தாலும் மையவிலக்கியும் கூடவே வர வேண்டும்.

எனவே எது சிறந்த முறை என்ற கேள்வியைவிட, இந்த ஊரில், இந்த மனிதருக்கு எது வந்து சேரும் என்ற கேள்வியே பொருளுள்ளது. ஏ.ஆர்.டி. மையத்திலேயே மையவிலக்கி இருந்தால் பிளாஸ்மாவுக்கு நிகரில்லை. நரம்பில் ஊசி போட ஆளில்லாத, குளிர்ப்பெட்டி போகாத இடத்தில் உலர்துளி கிடைப்பது, கிடைக்காத பிளாஸ்மாவைவிடப் பன்மடங்கு மேல். இரண்டையும் ஒரே அளவுகோலில் படிப்பதுதான் தவறு.

இதற்குச் செலவில்லாத ஒரு சீர்திருத்தம் போதும். முடிவுத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் மாதிரியின் வகை, ரத்தம் எடுத்த நேரம், பிரித்த நேரம் ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டும். "கண்டறிய முடியவில்லை" என்ற சொல் பிளாஸ்மாவுக்கு ஒரு பொருளும் உலர்துளிக்கு வேறு பொருளும் தருகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிய வேண்டும். மாதிரியோடு போவது ஒரு மனிதரின் ரகசியமும்தான். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒப்புதலையும் ரகசியக் காப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உலர்துளி அட்டையில் ஒருவரது மரபணுத் தொகுப்பு முழுவதும் உலர்ந்து கிடக்கிறது. பரிசோதனை முடிந்தபின் மிச்சமுள்ள வட்டங்கள் என்னவாகும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

ரத்தம் கொடுத்தவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, ஒரு மாத மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த முறை மாத்திரை வாங்க அவர் வரும்போது, முடிவு அவருக்கு முன்பே வந்து காத்திருக்க வேண்டும். அதன் பக்கத்தில், அது எந்த ரத்தத்திலிருந்து வந்தது என்றும் எழுதியிருக்க வேண்டும்.